முப்பதாம் நாளில் குழந்தையைப் பூம்பாறைக்குக் கொண்டுவரலாமா?

பூண்டுக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்கு முப்பதாவது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. அன்று சாயங்காலம் பூம்பாறைச் சாலையில் மஞ்சு இறங்கி, எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. பூண்டு மூட்டை ஏற்றும் என் ஜீப்பிலேயே அவளைப் படுக்கவைத்துக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஓர் ஊசி போட்டு, 108-இல் ஏற்றி, வத்தலக்குண்டு வழியாக மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மறுநாள் இரவு பெண் குழந்தை பிறந்தது. எடை 1 கிலோ 280 கிராம். மெல்லியதாக அழுததாம்; கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் முனக ஆரம்பித்துவிட்டதாம்.

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, மூக்கில் குழாய் மாட்டிக் காற்று கொடுத்தார்கள். பிறகு மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. குழாய் வழியாகப் பால். இப்போது மூன்று வாரம் ஆகிறது. மூக்குக் காற்றை எடுத்துவிட்டார்கள், பாலாடையில் குடிக்கிறாள், எடை 1 கிலோ 420. தங்கையும் குழந்தையும் கங்காரு வார்டில் இருக்கிறார்கள்; குழந்தையைத் தாயின் நெஞ்சோடு ஒட்டிவைத்துச் சூடு கொடுக்கும் இடம் அது.

பிரச்சினை ஊரில்தான். தங்கையின் மாமியார் வீட்டில் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, பூம்பாறை முருகன் கோயிலில், குழந்தை வேலப்பர் என்கிற அந்தச் சாமியின் சந்நிதியில் வைத்துப் பெயர் சூட்டுவது வழக்கம். நாள் குறித்து உறவினர்களுக்குச் சொல்லியும் விட்டார்கள். டாக்டர் நாலாவது வாரத்தில் கண் பரிசோதனை என்கிறார். மூச்சுதானே கோளாறு, கண்ணுக்கு என்ன, நன்றாகத்தானே விழித்துப் பார்க்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு எதிர்வாதம் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு கவலை குளிர். கல் சுவர் வீடு. இரவில் அடுப்புக் கரியைச் சட்டியில் எடுத்து அறைக்குள் வைத்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்குவோம். இவ்வளவு சின்ன உயிருக்கு அது போதுமா? வத்தலக்குண்டில் சித்தி வீடு இருக்கிறது. கொஞ்ச நாள் அங்கே வைத்திருப்பது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வில்பட்டிப் பெரியவர்:

தம்பி, பயப்படாதே. எங்கள் காலத்தில் இந்தக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் ஏது? என் தம்பி ஏழு மாதத்தில் பிறந்தவன். பஞ்சில் பொதிந்து அடுப்படியில் வைத்து அம்மா காப்பாற்றினாள். இன்று அவனுக்குப் பேரன் இருக்கிறான். ஏழு மாதத்துப் பிள்ளை தங்கிவிடும், எட்டு மாதத்துப் பிள்ளைதான் தங்காது என்பார்கள். சாம்பிராணிப் புகை காட்டி, வசம்பு உரசிக் கொடுத்து, காதிலும் மூக்கிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சளி அண்டாது. பெரியவர்கள் குறித்த நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

மலைச்செவிலி:

பெரியவர் கோபிக்கக் கூடாது. வசம்பு, மூக்கு எண்ணெய், சாம்பிராணி மூன்றும் இந்தக் குழந்தைக்கு ஆகாது. மூக்கில் விடும் எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும். உங்கள் அம்மா பஞ்சில் பொதிந்தது சரியான காரியம். சூடுதான் முதல் மருந்து. ஆனால் அதே அடுப்படியில் பொதிந்துவைத்தும் தங்காமல் போன பிள்ளைகளின் கணக்கை எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. எட்டு மாதத்துப் பிள்ளை ஏழு மாதத்துப் பிள்ளையைவிட நன்றாகவே பிழைக்கும். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்.

நான் பண்ணைக்காட்டில் பிறந்தவள். பச்சிளங்குழந்தைப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது பெருமாள்மலையில் இருக்கிறேன். தம்பி, நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. எது முக்கியமோ அதை முதலில் சொல்கிறேன். கண்.

கருவிலிருக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளரும். பத்து மாதம் நிறையும்போதுதான் அந்த வளர்ச்சி ஓரத்தை எட்டும். முப்பது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஓரம் வெறுமையாக இருக்கும். வெளிக்காற்றும் நாம் கொடுக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த வளர்ச்சியை முதலில் நிறுத்திவிடும். சில வாரம் கழித்து, பட்டினி கிடந்த ஓரப் பகுதி ரத்தம் கேட்க, குழாய்கள் தாறுமாறாகக் கிளைக்கும். அவை கசியும், தழும்பாகும், கடைசியில் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். இது நடக்கும்போது குழந்தை அழாது, கண் சிவக்காது, பீளை தள்ளாது. நன்றாகத்தான் விழித்துப் பார்ப்பதுபோலத் தெரியும். கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிகிற நாளில் செய்வதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது.

1940களிலும் 50களின் தொடக்கத்திலும் மேல்நாட்டு மருத்துவமனைகள் இன்குபேட்டருக்குள் கணக்கில்லாமல் ஆக்சிஜனைத் திறந்துவிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்வையற்றவர்களாக்கின. அதற்குப் பிறகுதான் அளந்து கொடுக்கும் பழக்கம் வந்தது. ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மானிட்டரில் 90-லிருந்து 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 100 காட்டினால் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் அப்பாவின் முகம் மலரும். உள்ளே இருக்கும் நர்ஸ் ஓடிப்போய் ஆக்சிஜனைக் குறைப்பாள். ஏன் குறைக்கிறாய் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். முதல் பரிசோதனை, பிறந்த 30 நாளுக்குள். 28 வாரத்துக்கு முன்பே பிறந்தால் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. ஆகவே மாமியார் குறித்த முப்பதும் கண் மருத்துவர் குறித்த முப்பதும் ஒரே முப்பதுதான். பெயர் சூட்டுவதை வேலப்பர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார். விழித்திரை பொறுக்காது.

ஒரு தடவை பார்த்துவிட்டால் முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். "இப்போது ஒன்றுமில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழும். குழாய்கள் ஓரம்வரை வளர்ந்துவிட்டன என்று மருத்துவர் எழுதும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். சிகிச்சை தேவை என்றால் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும். பஸ் இல்லை, மழை, தேர்த்திருவிழா என்று தள்ள முடியாது. நான் பார்த்த ஒரு தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கு டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் தேதி எழுதியிருந்தார்கள். யாரும் வாயால் சொல்லவில்லை. மடித்த சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள்ளேயே இருந்தது. ஏழு மாதத்தில், முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

அடுத்தது மூச்சு. அந்த முனகல் தற்செயல் அல்ல. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் ஒன்று இருக்கிறது. 34 வாரம் வாக்கில்தான் அது போதுமான அளவு சுரக்கும். அது இல்லாவிட்டால் நனைந்த பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வதுபோல ஒவ்வொரு மூச்சுக்கும் அறைகள் மூடிக்கொள்ளும். குழந்தை தொண்டையை இறுக்கிக் காற்றை உள்ளே பிடித்துவைக்கப் பார்க்கிறது, அதுதான் முனகல். மூக்கில் அழுத்தக் காற்று கொடுத்தது அந்த வேலையைக் குழந்தைக்குப் பதிலாகச் செய்வதற்கு. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்கூட்டி, 2 கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்தும் இதே கோளாறில் இரண்டு நாள் தாங்கவில்லை. உங்கள் மருமகள் அந்தக் குழந்தையைவிட நாலு வாரம் முன்னதாக வந்தவள்.

அவள் நிற்பதற்கு ஒரு பெரிய காரணம் கொடைக்கானலில் போட்ட அந்த ஊசி. டெக்சாமெத்தசோன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. தாய்க்குப் போட்டால் சிசுவின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும். இந்த வகை ஊசி பலன் தரும் என்று 1972-இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹௌவி என்ற இருவர் காட்டினார்கள். இரண்டாவது காரணம், குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே மலையிறங்கியது. பிறந்த பிறகு இந்த எடைக் குழந்தையை மலைப்பாதையில் கொண்டுபோவது வேறு கதை. நீங்கள் ஜீப்பை எடுத்த அந்த முடிவை நான் மெச்சுகிறேன்.

வீட்டுக்கு எப்போது? நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், எடையை மட்டும் பார்க்காதீர்கள். வார்மர் இல்லாமல் உடல் சூடு 36.5-லிருந்து 37.5-க்குள் நிற்க வேண்டும். வாயால் முழுதாகக் குடிக்க வேண்டும். தினமும் எடை ஏற வேண்டும். தூக்கத்தில் மூச்சு நிற்பது அடியோடு போய், அதற்குக் கொடுத்த காஃபின் மருந்தையும் நிறுத்திச் சில நாளாவது ஆகியிருக்க வேண்டும். நமக்கு மட்டும் இன்னொன்று உண்டு. பூம்பாறை ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், மதுரையில் கிடைப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். நமக்கு அது தெரியாது. ஆக்சிஜனை விட்டு இப்போதுதான் வெளியே வந்த நுரையீரலுக்குத் தெரியும். "நாங்கள் போகும் ஊர் இவ்வளவு உயரம், தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் சாதாரணக் காற்றில் ரத்த ஆக்சிஜன் அளவு எவ்வளவு நிற்கிறது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சமவெளி டாக்டருக்கு நீங்கள் சொன்னால்தான் அது நினைவுக்கு வரும்.

ஆகவே வத்தலக்குண்டுச் சித்தி வீடுதான் என் ஓட்டு. கண் பரிசோதனைகள் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். காது கேட்கும் பரிசோதனையையும் அதற்குள் முடித்துவிடுங்கள்.

கரிச்சட்டி விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுவேன். மூடிய அறையில் கரி வைத்துத் தூங்கி எழாமல் போனவர்களைப் பற்றிய செய்தி கொடைக்கானலிலேயே வந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. பெரியவர்களுக்கே ஆகாதது குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இனி உங்கள் வீட்டில் யாருடைய அறையிலும் வேண்டாம்.

பிறகு எதில் சூடு? தங்கையின் நெஞ்சில். கங்காரு வார்டில் செய்வதை வீட்டிலும் தொடர வேண்டும்: டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்ட குழந்தை, நிமிர்ந்தபடி, தாயின் மார்போடு தோலுக்குத் தோல் ஒட்டி, தலை ஒரு பக்கம் திரும்பி, மேலே துணிக்கட்டு, அதன்மேல் கம்பளி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. இந்த முறை 1978 வாக்கில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது, கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரில். அந்த ஊரின் உயரம் 2,600 மீட்டர், கொடைக்கானலைவிட அதிகம். மலைக்குளிருக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தங்கை குளிக்கப் போகும்போது குழந்தையின் அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். மாமியாரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரம் அந்தக் குழந்தை நெஞ்சில் தூங்கினால் அவரே நாளைத் தள்ளிவைப்பார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தாண்டிக்குடிக்காரி:

அம்மா சொன்ன லேசர் என் மகனுக்கு நடந்தது. 28 வாரம், 980 கிராம். முதல் இரண்டு பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதற்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. காப்பி பறிப்பு நேரம், கூலி போகும். என் அப்பாதான் விடவில்லை. அன்று பார்த்தபோது இரண்டு கண்ணிலும் முற்றிக்கொண்டிருந்தது. மதுரை அரவிந்தில் லேசர் செய்தார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, பந்து எங்கே விழுந்தாலும் இவன்தான் முதலில் ஓடுகிறான்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தங்கைக்கு முன்பே சொல்லிவையுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள். துணியில் சுற்றி, சின்னக் கம்பிக் கவ்வியால் இமையைத் திறந்து வைப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும். சில நிமிடம்தான். தங்கையால் பார்க்க முடியாவிட்டால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், மாமன் எதற்கு இருக்கிறார்? அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு பால் கொடுக்கக் கூடாது, கக்கிவிடும். எவ்வளவு நேரம் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

பால் பற்றி ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை உள்ளே இருக்கும், நாம் வராந்தாவில் இருப்போம். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் எனக்குக் கிண்ணத்தின் அடி நனையும் அளவுதான் வந்தது. ஊற்றிவிடலாம் என்று எழுந்தேன். நர்ஸ் அம்மா அதைக் கையிலிருந்து பிடுங்கி, ஊசிக்குழலில் உறிஞ்சி, "ஒன்றரை மில்லி. இன்றைக்கு அவனுக்கு இதுவே விருந்து" என்று எடுத்துக்கொண்டு போனார். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டாயம் எழுந்து பீய்ச்ச வேண்டும், அதை விட்டால் பால் வற்றும். வீட்டுக்கு வந்த பிறகும் இது நிற்காது. தங்கைக்கு அந்த நேரத்தில் சூடாகச் சாப்பிட ஏதாவது கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

வயதுக் கணக்கும் குழப்பும். தடுப்பூசி பிறந்த தேதியை வைத்து. தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாம் பிறக்க வேண்டிய தேதியை வைத்து. என் மாமியார் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டே என்னை அழவைத்தார். நீங்கள் இப்போதே இரண்டு தேதியையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பூண்டுக்காட்டான்:

மலைச்செவிலி அம்மா எழுதியதை மாமியார் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது உரக்க வாசித்தேன். மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. மாமியார் நாளை மாற்ற இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் நாளைக் காலைப் பேருந்தில் மதுரைக்குப் போய்க் கங்காரு வார்டில் ஒரு வேளை உட்காரச் சம்மதித்திருக்கிறார். கரிச்சட்டி வெளியே போய்விட்டது. எங்கள் அப்பாவுக்குத்தான் ரொம்பக் கோபம்.

கண் பரிசோதனை வரும் திங்கட்கிழமை. டாக்டரிடம் உயரத்தைப் பற்றிக் கேட்டேன். டிஸ்சார்ஜுக்கு முன் ஓர் இரவு முழுக்க ஆக்சிஜன் அளவைப் பதிவு செய்து பார்க்கிறோம் என்றார். சித்தி அறையை வெள்ளையடிக்கக் கிளம்பிவிட்டார். இன்னும் இரண்டு கேள்வி. புது வெள்ளையடித்த அறையில் வைக்கலாமா? கடைசியில் மலையேறும் நாளில் என் ஜீப்பில் கொண்டுவரலாமா?

மலைச்செவிலி:

வெள்ளையடிக்கச் சொல்ல வேண்டாம். தூசியும் நெடியும் ஆகாது. அதற்குப் பதில் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, கை கழுவாமல் யாரும் உள்ளே வராதபடி சித்தியைக் காவல் வையுங்கள். இருமுகிறவர்கள் வாசலோடு சரி. முத்தம் யாரும் கொடுக்கக் கூடாது. குளிப்பாட்டுவது இப்போதைக்கு இல்லை. வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். டாக்டர் சொல்லும்வரை காத்திருங்கள்.

திறந்த ஜீப் வேண்டாம். டிஸ்சார்ஜ் நாளில் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து இலவச வண்டி கிடைக்கும், கேளுங்கள். மலையேறும் நாளில் மூடிய கார், பகல் நேரம், மழையில்லாத நாள். தங்கை பின்சீட்டில், குழந்தை கங்காருக் கட்டில், கழுத்து மடங்காமல், மூக்கு வாய் தெரியும்படி. வளைவுகளில் நிதானம். டம்டம் பாறைப் பக்கம் ஒரு முறை நிறுத்தி, குழந்தையின் நிறத்தையும் மூச்சையும் பார்த்து, பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவற்றில் எது தெரிந்தாலும், வத்தலக்குண்டானாலும் பூம்பாறையானாலும், மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்: பால் குடிக்க மறுப்பது, கையும் காலும் சில்லென்று போவது, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு, விலா உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உள்ளங்கை மஞ்சளாவது. 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை நெஞ்சோடு ஒட்டி வைத்திருங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரின் எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை சீட்டில் கண் மருத்துவர் ஒவ்வொரு கண்ணுக்கும் மண்டலம், நிலை என்று இரண்டு எண் எழுதுவார். பெயர் தெரியாதபடி மறைத்துவிட்டு அதை மட்டும் இங்கே எழுதுங்கள், என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். அடுத்த தேதியை அவர் எழுத மறந்தால், வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.